மல்லர் மேடையைச் சுமப்பவர்கள்



‘கண்ணில் படாத கைகள்’ என்னும் இப்பகுதியில், ஊரார் பார்வைக்கு எட்டாமல் உழைப்பவர்களைப் பற்றித் திங்கள்தோறும் எழுதி வருகிறேன். இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வேடிக்கையாகவும் தோன்றலாம். அமெரிக்காவில் தொழிலாக நடைபெற்று வரும் மல்யுத்தக் காட்சியே அப்பொருள். விளக்கொளியில் நின்று கைதட்டல் பெறுபவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் நிற்கும் மேடையைச் சுமந்து வந்து பூட்டுபவர்களையும், அவர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த முதியவர்களையும் பற்றியே எழுத விழைகிறேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்காட்சியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தொலைக்காட்சியில் அதைக் கண்டு, மல்லர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை வைத்து ஆடி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நம் பெரியவர்களுக்கோ தாராசிங், கிங்காங் என்னும் பெயர்கள் இன்னும் நினைவில் இருக்கும். ஆயினும் பிள்ளை இதைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் தந்தையார் கூறுவது ஒன்றே: “அத்தனையும் பொய்யடா! போய்ப் பாடத்தைப் படி.” தந்தை சொல்வதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை.

வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது முன்னரே முடிவு செய்யப்படுவது மெய்தான். நெடுங்காலம் இது தொழில் இரகசியமாகக் காக்கப்பட்டது. வெளியாரிடம் உரைப்பது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. 1989-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநில மேலவையின் முன், இது போட்டியன்று, கேளிக்கையே என்று அக்காலத்துப் பெரிய நிறுவனமாகிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். தானே ஒப்புக்கொண்டது. போட்டி விளையாட்டுகளுக்குரிய அரசு மேற்பார்வையினின்று விடுபடுவதே அதன் நோக்கம். ஆகவே முடிவு எழுதி வைத்ததுதான். ஆனால் மரப்பலகையின்மேல் முதுகு வந்து மோதுவதை யாரும் எழுதி வைக்க இயலாது. நூறு கிலோ எடையுள்ள மனிதன் மேலிருந்து விழும்போது, பூமி அவனை நடிகன் என்று எண்ணி இரக்கம் காட்டுவதில்லை.

தொலைக்காட்சியில் நாம் காண்பது பெருஞ்செல்வம் படைத்த நிறுவனத்தின் காட்சி. அதற்கு வெளியே ஊர்தோறும் சிறு சிறு சுயேச்சைக் குழுக்கள் இயங்குகின்றன. முற்காலத்தில் அமெரிக்கா வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு முதலாளி காட்சி நடத்தி வந்தார். 1948-இல் அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரில் அவர்களுட் சிலர் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவினர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டனர். 1980-களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நாடெங்கும் பரவியபோது அந்த வட்டாரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. 2001-இல் எஞ்சியிருந்த பெரிய போட்டி நிறுவனங்கள் இரண்டும் மறைந்தன. வேலையிழந்தவர்களுக்கும், புதிதாகத் தொழில் கற்க வந்தவர்களுக்கும் சிறு குழுக்களே புகலிடமாயின. 2002-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ‘ரிங் ஆஃப் ஹானர்’ அவ்வாறு எழுந்தவற்றுள் பெயர் பெற்றது. பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடங்களிலும் சங்கக் கூடங்களிலும் சில நூறு பேர் முன்னிலையில் இத்தகைய காட்சிகள் இன்றும் நடைபெறுகின்றன. மேடையேறுவோரில் பலர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

நம் நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே பையன்கள் வாத்தியாருக்குப் பணிவிடை செய்துகொண்டே பாடத்தைக் கற்றார்கள். இங்கும் அவ்வாறே.

சுயேச்சைக் குழுவில் சேரும் இளைஞன் முதலில் கற்பது பிடியும் அன்று, அடியும் அன்று, மேடையைப் பூட்டுவதே. பிள்ளைகள் ‘ரிங்’ என்று சொல்லும் அம்மேடை, பக்கத்துக்கு 16 முதல் 20 அடி வரை உள்ள சதுரம். நான்கு மூலையிலும் இரும்புக் கம்பம். அவற்றை இணைக்கும் இரும்புச் சட்டம். அதன்மேல் வரிசையாக மரப்பலகை. பலகைமேல் மெல்லிய மெத்தை. மெத்தைமேல் இழுத்துக் கட்டிய கித்தான். சுற்றிலும் மூன்று கயிறுகள், மூலைதோறும் திருகாணியால் முறுக்கி இறுக்கப்பட்டிருக்கும். இவ்வளவும் ஒரு லாரியில் வந்து இறங்கும். பிற்பகலில் அதைப் பூட்டி, மாலையில் அதன்மேல் விழுந்து எழுந்து, நள்ளிரவில் கழற்றி மீண்டும் லாரியில் ஏற்ற வேண்டும்.

இஃது எடுபிடி வேலைதானே என்று நினைக்கலாம். முதியவர்கள் அப்படி நினைப்பதில்லை. ஒரு பலகை சரியாகப் பொருந்தாவிட்டால் ஒருவன் கணுக்கால் முறியும். ஒரு திருகாணி தளர்ந்திருந்தால், கயிற்றின்மேல் ஏறி நின்றவன் தலைகுப்புறப் போவான். மேடையைத் தன் கையால் பூட்டியவனுக்கே அதன் எந்தப் பகுதி நெகிழும், எந்தப் பகுதி இரும்பாக நிற்கும் என்பது தெரியும். அந்த அறிவு இல்லாதவன் அதன்மேல் விழத் தகுதியற்றவன் என்பது அவர்கள் கருத்து.

அடுத்தது, விழக் கற்றல். மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பின்மண்டை அடிபடும். மூச்சை வெளியே விட வேண்டும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு விழுந்து, இரு கைகளாலும் மேடையை அறைய வேண்டும். அப்போதுதான் அதிர்ச்சி ஓரிடத்தில் தங்காமல் பரவும். இதனை நாட்கணக்காக அன்று, மாதக்கணக்காகப் பயில்கிறார்கள். பலர் இந்தப் படியிலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இனி, நம் கண்ணுக்கு நேரே இருந்தும் நாம் காணாத ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர்தாம் நடுவர். கோடு போட்ட சட்டையணிந்து, மூன்று எண்ணுவதற்கு மட்டும் குனிபவராக அவர் நமக்குத் தோன்றுகிறார். உண்மையில் மேடையின் தபால்காரரும் காவற்காரரும் அவரே. எத்தனை நிமிடம் மீதமுண்டு என்பதை இரு மல்லர் காதிலும் போடுபவர் அவர். முடித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அவர்கள் தொழில் வழக்கில் ‘வீட்டுக்குப் போ’ என்று பெயர். அதைச் சொல்பவரும் அவரே. விழுந்து கிடப்பவன் நடிக்கிறானா, மெய்யாகவே அடிபட்டானா என்று கையைப் பிடித்துப் பார்ப்பார். கிடப்பவன் அந்தக் கையை மெல்ல அழுத்தினால் நலம் என்று பொருள். அழுத்தம் வராவிட்டால், தம் இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பெருக்கற்குறி போலக் குறுக்காகப் பிடிப்பார். அது திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அபாயச் செய்தி. மருத்துவர் வர வேண்டும் என்பது அதன் பொருள்.

திரைக்குப் பின்னால், மல்லர்கள் மேடைக்குப் புறப்படும் இடத்தில் ஒருவர் அமர்ந்து அனைத்தையும் கண்காணிப்பார். பெரிய நிறுவனத்தில் அந்த இடத்துக்கே ‘கொரில்லா நிலை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கொரில்லா மான்சூன் என்ற மேடைப் பெயருடன் வாழ்ந்து 1999-இல் மறைந்த முதிய மல்லர் அங்கே அமர்ந்து காட்சியை நடத்தி வந்ததனால் வந்த பெயர் அது. மல்லுக்கட்டிய காலம் முடிந்த பின்பும் ஒரு முதியவருக்கு அந்தத் தொழிலில் இடம் இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று.

முதியவர்களிடம் கற்பது எப்படி? பள்ளி உண்டு; ஆனால் பாதிக் கல்வி சாலையில் நடைபெறுகிறது. ஊர் விட்டு ஊர் செல்லும்போது இளைஞன் கார் ஓட்டுவான். முதியவர் பக்கத்தில் அமர்ந்து வருவார். அன்று இரவு அவன் செய்ததில் எது தேவையில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். பெரும்பாலும் அவர் சொல்வது, “குறைத்துச் செய்” என்பதே. பத்து வித்தைகளை அவசரமாகக் காட்டுவதைவிட, ஒன்றைச் செய்துவிட்டுக் கூட்டத்தின் மூச்சைக் கேள் என்பார். பழைய மரபில், மேடையில் மூத்தவர் காதோடு சொல்ல இளையவர் செய்வார். கூட்டம் கேட்பதற்கேற்ப ஆட்டத்தை மாற்றுவது மூத்தவரின் செவியறிவு. சபையறிந்து இராகத்தை விரிக்கும் வித்துவானிடமும் அந்த அறிவு உண்டு.

இப்படி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு இறங்கிவந்த ஒரு பரம்பரையைக் கூறுகிறேன். அதன் ஒரு நுனி நம் நாட்டில் இருக்கிறது. 1910-இல் இலண்டன் மாநகரில் நம் காமா பயில்வானை எதிர்த்து இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி, வெற்றி தோல்வியின்றிப் பிரிந்தவர் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ. 1928-இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதினர். ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்தினார். இதே ஸ்பிஸ்கோ, முன்பு 1925-இல் பிலடெல்பியாவில், தோற்பதாக ஒப்புக்கொண்டு மேடையேறி, மெய்யாகவே மல்லுக்கட்டி வெய்ன் மன் என்பவரிடமிருந்து பட்டத்தைப் பறித்துக்கொண்டவர். வாக்கை மீறினால் அந்தத் தொழில் எப்படி நடுங்கும் என்பதற்கு அந்நிகழ்ச்சியை இன்றும் எடுத்துக்காட்டுவர்.

முதுமையில் ஸ்பிஸ்கோவும் அவர் தம்பியும் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பண்ணை வைத்து வாழ்ந்தனர். அங்கே அவர்களிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் ஹார்லி ரேஸ். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தை வென்று எழுந்தவர். வட்டாரக் கம்பெனி முதலாளி ஒருவர் அவரை வேலைக்கு அமர்த்தியபோது கிடைத்த பணிகளுள் ஒன்று, ஏறத்தாழ 800 பவுண்டு எடையுள்ள ஒரு மல்லரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிச் செல்வது! அந்தக் காரோட்டிச் சிறுவரே 1973-இல் கூட்டமைப்பின் உலகப் பட்டத்தை வென்றார். 1999-இல் மிசௌரியில் தாமே ஒரு பயிற்சிப் பள்ளியும் ஒரு சுயேச்சைக் குழுவும் தொடங்கினார். 2019-இல் அவர் மறையும் வரை, இளைஞர்கள் அங்கே வந்து கற்றுக்கொண்டிருந்தனர். பட்டியாலா மண்ணில் காமாவின் பிடியை உடம்பால் உணர்ந்த ஒருவர் கற்பித்த பாடம், இரண்டே தலைமுறையில் அமெரிக்கச் சிற்றூர்ப் பையன்களைச் சென்றடைந்தது. இதனை எந்தப் பாடநூலால் கொண்டு சேர்த்திருக்க முடியும்?

மற்றொரு குடும்பம் கனடாவில் கால்கரி நகரத்து ஹார்ட் குடும்பம். தந்தை ஸ்டூ ஹார்ட் தம் வீட்டின் நிலவறையிலேயே மல்லர்களைப் பயிற்றுவித்தவர். மகன் பிரெட் 1976-இல் தந்தையின் குழுவில் நடுவராகவே பணியைத் தொடங்கினார். ஒருநாள் மல்லர் ஒருவர் குறைய, அந்த இடத்தை நிரப்ப மேடையேறினார். உலகப் புகழ் பெற்ற பின்பும், தம்மோடு பொருதிய எவரையும் தாம் பெருங்காயப்படுத்தியதில்லை என்பதையே அவர் தம் பெருமையாகக் கூறி வருகிறார். வென்ற பட்டங்களைவிட அதுவே அவருக்குப் பெரிது.

அந்தப் பெருமையின் விலை என்ன என்பதை அவர் குடும்பமே ஓராண்டில் கண்டது. 1999 மே 23 அன்று, கான்சாஸ் நகரில் அவர் தம்பி ஓவன், கூரையிலிருந்து கம்பியில் தொங்கியவாறு மேடைக்கு இறங்குவதாகக் காட்சி வகுக்கப்பட்டிருந்தது. பிணைத்திருந்த வாரின் கொக்கி உரிய நேரத்துக்கு முன்பே விடுபட்டது. 70 அடிக்கும் குறையாத உயரத்திலிருந்து அவர் மேடைமேல் விழுந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 34. காட்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். பின்னர் வழக்கு எழுந்து, 2000-இல் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதே 1999-இன் டிசம்பரில், வேறொரு நிறுவனத்தின் மேடையில், எதிர்நின்றவரின் உதை அளவு மீறிப் பிரெட்டின் தலையில் பட்டது. மூளை அதிர்ச்சியுற்று மறு ஆண்டே அவர் ஓய்வு பெற நேர்ந்தது. ஒருவரை வீழ்த்தியது பார்வைக்கு மறைந்த ஒரு கொக்கி; மற்றவரை வீழ்த்தியது அளவறியாத ஒரு கால். மேடையைப் பூட்டும் கையும் கற்றுக்கொடுக்கும் முதியவரும் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதற்குமேல் விடை வேண்டுமோ?

மல்யுத்தக் காட்சியின் உட்பொருள் இதுதான். இருவர் சண்டையிடுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் இருவரும் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தூக்கப்படுபவன் தன் கழுத்தையும் முதுகெலும்பையும் தூக்குபவன் கையில் ஒப்படைக்கிறான். பகைவனாக வேடம் பூண்டவனே பாதுகாவலன். காட்சிக்கு முன் அறைக்குள் வரும் புதியவன், அங்குள்ள ஒவ்வொருவருடனும் கைகுலுக்க வேண்டும் என்பது அவர்களின் எழுதாத சட்டம். உன் உயிர் சற்று நேரத்தில் அந்தக் கையில்தான் இருக்கப்போகிறது என்று அது நினைவூட்டுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இக்கதையில் மற்றொரு நெருக்கமும் உண்டு. பஞ்சாபின் சிற்றூரில் பிறந்த தாராசிங், 1947-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று, தகர டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங் என்னும் ஆசானிடம் மல்யுத்தம் பயின்றவர். அயல்மண்ணில் அவருக்கு வாய்த்த முதற்செல்வம் ஓர் ஆசான். அவரே 1968-இல் பம்பாயில் லூ தெஸ் என்னும் புகழ்பெற்ற அமெரிக்க மல்லரை வென்று உலகப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் ‘காளி’ என்ற பெயரில் அமெரிக்க மேடைகளில் தோன்றிய தலீப் சிங் ராணாவும் 2015-இல் ஜலந்தரில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். அதில் பயின்ற ஹரியானாவின் கவிதா தேவி, 2017-இல் பெரிய நிறுவனத்தின் மேடையேறிய முதல் இந்தியப் பெண்ணானார். வெளிநாடு சென்று கற்றவர் திரும்பி வந்து கற்பித்தார், கைமாற்று தொடர்கிறது.

இரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்கு இதில் வியப்பில்லை. வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் பயணி எஞ்சினைப் பாராட்டுவார். வெயிலிலும் மழையிலும் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு இருப்புப்பாதையைப் பார்த்து நடக்கும் கீமேனை யாரும் நினைப்பதில்லை. நான் பணியில் சேர்ந்தபோது முதிய குமாஸ்தா ஒருவர், கட்டியிருக்கும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தே, இந்தப் பெட்டி வழியில் அவிழும், திருப்பிக் கட்டச் சொல் என்பார். விதிப்புத்தகத்தில் அதற்குப் பக்க எண் கிடையாது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு, அவருக்கு அருகே அமர்ந்த ஈராண்டுகளே கல்லூரியாயின.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். பிள்ளை இக்காட்சியைப் பார்த்துவிட்டுக் கட்டிலின்மேலிருந்து தம்பியின்மேல் குதித்தால், “அது பொய்யடா” என்று மட்டும் சொல்லாதீர்கள். பொய்யென்று எண்ணினால் அவன் அஞ்சாமல் குதிப்பான். “அவர்கள் விழுவதற்கே மாதக்கணக்கில் கற்றவர்கள்; கல்லாதவன் விழுந்தால் கழுத்து முறியும்” என்று உண்மையைச் சொல்லுங்கள். அடுத்த முறை அருகே அமர்ந்து, நடுவர் யார் கையைத் தொடுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் அவன் வேறு கண்ணோடு பார்ப்பான்.

பணி ஓய்வு பெற்று வீட்டுக் கூடத்தில் நாளிதழோடு அமர்ந்திருக்கும் நம் பெரியவர்களையும் சற்று எண்ணுங்கள். லேத்தில் நின்றவரோ, கணக்கு எழுதியவரோ, கொதிகலனைக் கவனித்தவரோ, ஒவ்வொருவர் கையிலும் எந்தப் புத்தகத்திலும் ஏறாத பாடம் ஒன்று தங்கியிருக்கிறது. கேட்க ஒருவர் இல்லாவிட்டால் அது அவரோடு போய்விடும். கார் ஓட்டும் சாக்கில் பக்கத்தில் அமர்ந்து கேட்ட சிறுவரே உலகப் பட்டம் பெற்றார். நம் பிள்ளைகளுக்குக் காரும் வேண்டாம். மாலையில் அரை மணி நேரம் போதும்.

அடுத்த திங்கள், கண்ணில் படாத வேறொரு கையைக் காண்போம்.